அறுவடைக்குப் போனவள்

அமெரிக்காவின் மெயின் மாநிலத்து வடக்கில் உருளைக்கிழங்கு தோண்டும் காலத்தில் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவோம். பிள்ளைகள் வயலுக்குப் போவார்கள், பனி விழுமுன் திரும்பி வருவார்கள். ஒன்றிரண்டு பேர் பிந்துவதுண்டு. அவர்களுக்கு ஆப்சென்ட் போடுவது இங்கே மரியாதை இல்லை. 'அறுவடை' என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருப்போம்.

காம்ரின் டேகல் பிந்தியவர்களில் ஒருத்தி. பதினேழு வயது. அக்டோபரில் அவள் அப்பா ரெனோ, கிழங்கு லாரியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். லாரியை அவள் ஓட்டினாள். பிறகு கிழங்கு மூட்டை கட்டும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடம் அப்படியே நின்றுபோயிற்று.

இப்போது அவளுக்கு மின்கம்பம் ஏறும் வேலை கற்க வேண்டும். பயிற்சிக்கூடத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். பள்ளி இறுதிக்குச் சமமான சான்றிதழோடு வரச் சொன்னார்கள். அதற்கான பரிட்சை சனிக்கிழமை. அதை விட்டால் அடுத்தது ஜூனில், அதற்குள் பயிற்சி தொடங்கிவிடும். பதினெட்டு ஆகாதவர்கள் அந்தப் பரிட்சை எழுத இரண்டு தாள்கள் வேண்டும். படிப்பை விட்டாயிற்று என்று பள்ளிக்கூடத்தின் கடிதம். சம்மதம் என்று அப்பாவின் கையெழுத்து.

பள்ளி அலுவலகத்தில் லோர்னா பெல்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"நீ படிப்ப விட்டதாவே இங்க இல்லையே, கண்ணு."

"அக்டோபர்லேர்ந்து நான் வரவே இல்லையே, மிஸஸ் பெல்கி."

"வரலதான். நீ அறுவடையில இருக்க."

காம்ரின் சன்னலைப் பார்த்தாள். பனி பாதிக் கண்ணாடி வரை ஏறியிருந்தது.

"பிப்ரவரியிலயா?"

"உங்களது பெரிய வயலாச்சே."

படுக்கையில் கிடக்கிற மனுஷன் வீட்டுக் கதவை, பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று அதிகாரி வந்து தட்ட வேண்டாமே என்று லோர்னா செய்த உதவி அது.

"சரி, இன்னிக்கு விட்டுட்டேன்னு எழுதிக் குடுங்க."

"அறுவடையில இருக்கறவ எங்கேந்து விடுவா? மொதல்ல திரும்பி வா. ஒரு நாள் வகுப்புல உக்காரு. சாயங்காலம் அப்பாவக் கூட்டிட்டு வந்து படிப்ப விட்டுட்டுப் போ."

ஆகவே படிப்பை விடுவதற்காக மறுநாள் காம்ரின் பள்ளிக்கூடம் போனாள்.

"அறுவடை எப்படிப் போச்சு?" என்று சரித்திர ஆசிரியர் கேட்டார்.

"கொஞ்சம் நீளம், சார்."

மத்தியானச் சாப்பாடு மசித்த உருளைக்கிழங்கு. விஷயம் தெரியாத கணக்கு டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். காம்ரின் குறித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ரெனோ தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். தாளை வாசித்தார். மேசைமேல் வைத்தார்.

"போட மாட்டேன்."

"ஏம்ப்பா?"

"படிப்ப விட்டவன்னு எம் மகளுக்கு நானே எழுதிக் குடுக்கணுமா? எங்க குடும்பத்துல யாரும் படிப்ப விட்டதில்ல."

லோர்னா அவரோடு ஒரே வகுப்பில் இருந்தவள்.

"ஒம்பதாவதுல போன. இன்னிக்குத்தான் திரும்பி வர்ற, ரெனோ."

"நான் விடல. அறுவடைக்குப் போனேன்."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் இப்படிச் சொல்கிறவர்கள் பாதிப் பேர்.

"ப்பா, நீ போடலன்னா சனிக்கிழமை பரிட்சை இல்ல," என்றாள் காம்ரின். "பரிட்சை இல்லன்னா கம்பம் இல்ல. நானும் ஒன்ன மாதிரி அறுவடையிலயே கெடக்க வேண்டியதுதான்."

ரெனோ தடியின் பிடியைத் தடவினார்.

"ஐஸ் புயல்ல கரண்ட் போனா நீதான் ஏறுவியா?"

"ஆமா."

"நம்ம வீட்டுக்கு மொதல்ல குடுப்பியா?"

"வரிசைப்படிதான் குடுப்பேன்."

"பெத்த அப்பனுக்கே வரிசையாம்," என்று லோர்னாவிடம் சொல்லிவிட்டு பேனாவை வாங்கினார். கையெழுத்து கோணலாக விழுந்தது.

"காரணம்னு ஒரு எடம் இருக்கு," என்றாள் லோர்னா. "என்ன எழுத?"

ரெனோ கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டே சன்னல் வழியே வேலிக்கு அப்பாலிருந்த வயலைப் பார்த்தார். வெள்ளை தவிர அங்கே ஒன்றுமில்லை.

"அறுவடை முடிஞ்சுதுன்னு எழுது."

லோர்னா அப்படியே எழுதி முத்திரை குத்தினாள்.