முதலில் முடிச்சு

ரோவீனா தன் அப்பாவைவிட இருபது வயது மூத்தவளாக அவருடைய படகில் ஏறினாள். அவர்தான் கை கொடுத்து ஏற்றிவிட்டார். உப்பு மத்தி நாற்றம் அடிக்கும் அந்தக் கையை அவள் கடைசியாகப் பிடித்தது ஆறு வயதில். ஆனால் அவள் வந்தது அழுவதற்கு அல்ல, அந்தக் கை இன்று ஒரு கயிற்றை அறுக்காமல் தடுப்பதற்கு.

"பாத்து ஏறுக்கா, வழுக்கும்" என்றார் ஆரின். பெற்ற மகளை அக்கா என்று கூப்பிடுகிறோம் என்பது பாவம், அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்.

நடந்த கதை இதுதான். அவளுடைய ஆறு வயதில் ஒரு நாள் காலை ஆரின் வழக்கம்போல அமெரிக்காவின் மெய்ன் கரையோரம் சிங்கி இறால் கூண்டுகளைத் தூக்கப் போனார். தன் எல்லைக்குள் யாருடையது என்றே தெரியாத ஒரு மிதவை கிடப்பதைக் கண்டு, கோபத்தில் அதன் கயிற்றை அறுத்துப் போட்டார். கயிற்றின் அடியில் இருந்தது கூண்டு இல்லை, வேற்றுலகத்தார் நம் கடலில் இறக்கிய முதல் கலம். கடல் கொதித்தது. ஆரின் படகோடு இருந்த இடம் தெரியாமல் போனார். கடற்படை சுட்டது, அவர்கள் திருப்பிச் சுட்டார்கள், அந்தக் கோடை முடிவதற்குள் பூமியே அவர்கள் கைக்குப் போய்விட்டது. நாற்பத்தைந்து வருட ஆட்சியில் மனிதர்களிடம் அவர்கள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: கயிற்றை முதலில் அறுத்தது நீங்கள்.

கூட வந்த ரேஜான் கியூபெக்காரன். கால இயந்திரத்தைக் கட்டியவர்களில் உயிரோடு மிஞ்சியவன் அவன்தான். இதே காலைக்கு ஏற்கெனவே இரண்டு முறை வந்து மண்ணைக் கவ்வியிருந்தான். முதல் முறை இன்ஜினில் சர்க்கரையைக் கொட்டினான். ஆரின் தன் தம்பியின் படகை வாங்கிக்கொண்டு போய் அறுத்தார். அடுத்த முறை கத்தியைத் திருடினான். ஆரின் கோடாலியை எடுத்தார். ஒவ்வொரு முறையும் கடல் கொதிக்கத் தொடங்கியதும் இடுப்பில் கட்டியிருந்த பட்டை அவனை எதிர்காலத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. மறுபடி வரும்போது அந்தக் காலை எதுவுமே நடக்காததுபோலப் புதிதாக விடிந்திருந்தது. இப்போது இயந்திரத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பயணத்துக்கான சக்தி. சொந்த பந்தங்களை அனுப்பக் கூடாது என்று இயந்திரத்தைக் கட்டியவர்களுக்குள் ஒரு விதி உண்டு. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்தப் பிடிவாதத்துக்கு அதே ரத்தம்தான் சரி என்று ரோவீனாவை அழைத்து வந்திருந்தான்.

அதிர்ஷ்டம் அன்று அவர்கள் பக்கம் இருந்தது. ஆரினின் கையாள் முந்தின நாள் குடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. பைகளில் இரை அடைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றாள் ரோவீனா. வெளிறிப்போய் நின்ற ரேஜானை, கடல் பார்க்க ஆசைப்பட்ட மச்சான் என்று அறிமுகப்படுத்தினாள். ஆரின் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாந்தி எடுப்பதாக இருந்தால் காற்றடிக்கும் பக்கம் எடுக்காதே என்று மட்டும் சொன்னார்.

படகு துறையை விட்டு வெளியே வந்ததும் ரோவீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வயதுக்குப் பிறகு அவள் கடலைத் தொட்டதே கிடையாது. வேற்றுலகத்தார் கரை நெடுக வேலி போட்டிருந்தார்கள். இப்போது அவள் முகமெல்லாம் உப்புத் தண்ணீர் தெறித்தது. அப்பா சீட்டி அடித்துக்கொண்டே கூண்டைத் தூக்கினார், உள்ளே இரண்டு சிங்கி இறால்கள் வாலை அடித்துக்கொண்டு கிடந்தன, சின்னதைத் திரும்பக் கடலில் வீசினார். உலகத்தைக் காப்பாற்ற வந்தவள் அதை மறந்து வாயெல்லாம் பல்லாக நின்றாள். ரேஜான் படகின் ஓரத்தில் குடலைக் கக்கிக்கொண்டே அவளை முறைத்தான்.

ஆரினின் மிதவைகள் எல்லாம் ஆரஞ்சும் வெள்ளையும். ஒன்றின் குச்சியில் மட்டும் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அவர் அதை அவிழ்க்காமலே தண்ணீரில் விட்டார். ஏன் என்று கேட்டாள்.

"வெர்னல் போட்ட முடிச்சு. என் எல்லைக்குள்ள வந்துட்ட, எடுத்துட்டுப் போன்னு அர்த்தம். அவன் மிதவைல முதல்ல முடிச்சுப் போட்டது நான்தாங்கிறது வேற விஷயம். அடுத்த தடவை வந்து பாப்பான், அப்பவும் கிடந்தா அறுப்பான். அறுக்கட்டும், நானும் அறுப்பேன்."

வெர்னல் பக்கத்துத் துறைக்காரன். இரண்டு பேருக்கும் போன வருடத்திலிருந்து ஜென்மப் பகை. கடலுக்கு நடுவில் கோடா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் இரண்டு பேருமே ஆமாம் என்பார்கள். தண்ணீருக்கு மேல் தலை நீட்டியிருக்கும் ஒரு கரும்பாறையைக் காட்டி, அது வரைக்கும் என்னுது என்றார் ஆரின்.

அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம்தான் அது மிதந்தது. சாம்பல் நிறம். பெயிண்ட் இல்லை, உரிம எண் இல்லை. அலை ஏறி இறங்கியபோதும் அது மட்டும் ஆடாமல் நின்றது.

ஆரினின் காது சிவந்தது. ரோவீனாவுக்கு அந்தச் சிவப்பு தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். அவர் படகைத் திருப்பி இரை வெட்டும் கத்தியை எடுத்தார்.

ரேஜான் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தான். அது கடற்படையின் சொத்து, தொட்டால் ஜெயில் என்று மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தான். அதற்குச் சும்மாவே இருந்திருக்கலாம்.

"கடற்படையா இருந்தா எனக்கென்ன? எங்கிட்டக் கேட்டானா?" என்று ஆரின் அவனை ஒதுக்கித் தள்ளினார். குனிந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். கத்தி கயிற்றில் பட்டது. ரேஜானின் இடுப்புப் பட்டை முனக ஆரம்பித்தது. அப்பாவின் முழங்கையைப் பிடித்துத் தொங்கலாம், பிடித்து என்ன, இன்று தடுத்தால் நாளைக்கு வந்து அறுப்பார். கிடக்கட்டும் என்று விட்டுவிடச் சொன்னால் கேட்கிற வம்சமா? அவளே கேட்டதில்லை.

அப்போதுதான் வெர்னலின் முடிச்சு நினைவுக்கு வந்தது.

"முடிச்சு எங்க?" என்று கத்தினாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"முதல்ல முடிச்சு, அப்புறம்தானே கத்தி? இது வெர்னலோட மிதவை இல்ல. யாரோ புதுசா வந்தவன். அவனுக்கு யாரு சொன்னா இது உன் எல்லைன்னு? ஒரு வார்த்த சொல்லாம அறுக்கிறது திருட்டுப்பய வேலை. உன்னைப் பெத்தவரு இப்படியா கத்துக் குடுத்தாரு?"

ஆரினின் காது மேலும் சிவந்தது, இந்த முறை கோபத்தில் அல்ல. துறையில் யார் எதைச் சொன்னாலும் அவர் சட்டை செய்ய மாட்டார், முறை தெரியாதவன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

"இவ வேற" என்று முனகியபடி கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டார். சாம்பல் மிதவையின் கயிற்றை எடுத்து அதன் தலையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சை இறுக்கி விட்டார். "சொல்லியாச்சு. நாளைக்குக் கிடந்தா அறுப்பேன்."

மிதவையைச் சுற்றித் தண்ணீர் குமிழிட்டது. ரோவீனா கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்தாள். வெப்பம் வரவில்லை. கண் திறந்தபோது சாம்பல் மிதவையைக் காணோம். சற்று நேரத்தில் கரும்பாறைக்கு அந்தப் பக்கம், ஆழ்கடல் திசையில், அது தலை தூக்கியது.

"போயிட்டான்" என்றார் ஆரின், ஆச்சரியமாக. "வெர்னலைவிட மரியாதை தெரிஞ்சவன்."

ரேஜான் சிரித்தான், அழுதான், மறுபடி வாந்தி எடுத்தான். ரோவீனாவுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது, குதிக்கவும் செய்தாள். அம்பத்தோரு வயதுப் பொம்பளை படகில் குதிப்பதைப் பார்த்து ஆரினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மிதவையைத் தூக்கப் போனபோது அந்தச் சிரிப்பு நின்றது. அது ஆரஞ்சு வெள்ளை மிதவை, அவருடையதேதான். ஆனால் யாரும் பார்க்கவில்லை என்று பாறையைத் தாண்டி அந்தப் பக்கம் போட்டு வைத்திருந்தார். அதன் குச்சியில் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சு, அவர் போட்டதைப் போலவே, இப்போதுதான் போட்டது போல ஈரமாக இறுகியிருந்தது.

ஆரின் அதையே பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு கூண்டைத் தூக்கிப் படகில் வைத்துக்கொண்டு பாறைக்கு இந்தப் பக்கம் வந்தார்.

"நியாயம்தானே" என்றார்.

வந்த வேலை முடிந்ததும் இருவர் இடுப்புப் பட்டைகளும் இழுக்கத் தொடங்கின. போகிற இடத்தில் என்ன இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வேலி இருக்குமா, இவர் இருப்பாரா, இருந்தால் எத்தனை நாள் இருந்திருப்பார் என்று எதுவும் தெரியாது. ரோவீனா அப்பாவின் முகத்தை அவசரம் அவசரமாகப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமா, நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று அவர் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் படகு காலடியிலிருந்து நழுவிவிட்டது.

கண் திறந்தபோது துறையில் இறங்கும் இரும்பு ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தாள். ரேஜான் கீழே ஒரு படகில் குப்புறக் கிடந்தான். வேலி இல்லை. துறை நிறைய ஆட்கள், கூண்டுகள், நாற்றம். பாசி பிடித்த படியில் அவள் கால் சறுக்கியது. மேலிருந்து ஒரு கை நீண்டு வந்து அவளைப் பிடித்தது. தோல் சுருங்கிய கை, உப்பு மத்தி நாற்றம்.

எழுபத்தாறு வயது ஆரின் ஏணிக்கு மேல் குனிந்து நின்றார். அவளை அடையாளம் கண்டுகொண்டதில் அவர் காது சிவந்திருந்தது.

"பாத்து ஏறுக்கா" என்றார், "வழுக்கும்."