நீல வாளிகளுக்குள் ஒரு நஞ்சுக்கொடி

கம்பாலா நகரத்து சகல ஜனங்களுக்கும், குப்பைமேட்டு நாரைகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மருத்துவமனைக் கழிவின் வரலாற்றில் இன்றோடு ஓர் இருண்ட யுகம் முடிந்தது. இனி ஊசிக்கு ஒரு நிறம், உடம்பிலிருந்து வந்ததற்கு ஒரு நிறம், தின்று மிஞ்சியதற்கு ஒரு நிறம்.

ஒலிபெருக்கி இதை மறுபடி மறுபடி முழங்கிக்கொண்டிருந்தபோது செபுன்யா பிரசவ வார்டு வாசலில் நின்றிருந்தான். பெண் குழந்தை பிறந்தாயிற்று. அவர்கள் குல நம்பிக்கைப்படி குழந்தையின் இரட்டைப் பிறவியான நஞ்சுக்கொடியைத்தான் யாரும் அவன் கையில் தரவில்லை. வீட்டில் அத்தை நக்கிவாலா வாழையடியில் குழி வெட்டிவிட்டுக் காத்திருந்தாள். அது மண்ணுக்குள் போகாமல் குழந்தைக்குக் குலப்பெயர் சொல்ல மாட்டேன் என்றிருந்தாள். குலப்பெயர் இல்லாத பிள்ளை யாருடைய பிள்ளை? அத்தையை எதிர்த்து அந்தக் குடும்பத்தில் யாரும் பேசியதில்லை, செத்துப்போன மாமா உட்பட.

"சிஸ்டர், எங்க நஞ்சுக்கொடி எங்கே?"

"மஞ்ச வாளியில போட்டாச்சு. பின்னாடி கொட்டகைக்குப் போயிருக்கும், பாருங்க" என்றாள் நர்ஸ் கெமிகிஷா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கொட்டகையில் வாளிகள் வரிசையாக நின்றன. எல்லாம் நீலம். செபுன்யா ஒன்றைத் தொட்டான். விரலில் பெயிண்ட் ஒட்டியது.

"மஞ்ச வாளி எது?" என்று வண்டி தள்ளும் ஒச்சானைக் கேட்டான்.

"நேத்து கேட்டிருந்தா காட்டியிருப்பேன், ஐயா."

"இன்னிக்கு என்ன ஆச்சு?"

"மஞ்சள் ஆளுங்கட்சி நிறம். அதுல குப்பை கிடந்தா திறந்துவைக்க வர்ற பெரியவர் கோவிச்சுக்குவார். சிவப்பு எதிர்க்கட்சி. அது சும்மா நின்னாலே கோவிச்சுக்குவார். ஆஸ்பத்திரி டைரக்டர் காலையில ஓடி வந்து எல்லாத்துக்கும் நீலம் அடிக்கச் சொல்லிட்டார்."

"நீலமும் ஒரு கட்சிதானேப்பா?"

"அதுக்கு இப்ப யாரும் பயப்படுறதில்ல."

செபுன்யா கணக்குப் போட்டுப் பார்த்தான். மஞ்சள் வாளியில் இருக்கிறது, ஆனால் மஞ்சள் வாளி இல்லை. இருக்கிறது, ஆனால் நீலமாக இருக்கிறது. அப்படியானால் சிஸ்டர் சொன்னது உண்மையா பொய்யா?

அந்த நேரம் பார்த்து டைரக்டர், பெரியவரையும் காமிராக்காரர்களையும் அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். செபுன்யா விலகத் தெரியாமல் நடுவில் மாட்டிக்கொண்டான்.

"ஐயா, என் பிள்ளையோட நஞ்சுக்கொடியைத் தேடுறேன்."

"நிறம் பிரித்த முறையில் எதுவுமே தொலையாது" என்று டைரக்டர் அவனுக்குச் சொல்வதுபோல் பெரியவருக்குச் சொன்னார். பெரியவர் மெச்சித் தலையசைத்து ரிப்பனை வெட்டினார். வெட்டிய ரிப்பனை எந்த வாளியில் போடுவது என்று தெரியாமல் உதவியாளர் அதைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

செல்போன் அடித்தது. அத்தை.

"இன்னும் என்னடா பண்ற? பொண்ணுக்குன்னு சமையல் வாழையில எது நல்லதுன்னு பார்த்துப் பார்த்து அதுக்கடியில வெட்டின குழி, மழை வந்து மூடிடப்போகுது."

"எல்லாம் ஒரே நிறமா இருக்கு அத்தை. எதுல இருக்குன்னு தெரியலை."

"பெத்தவனுக்குத் தன்னோடது தெரியாதா? ஆட்டுக்குட்டிக்குத் தெரியுது."

கூட்டம் கலைந்ததும் ஒச்சான் இரக்கப்பட்டு ஒவ்வொரு மூடியாகத் திறந்தான். முதல் வாளியில் ஊசிகளும் சாதமும். அடுத்ததில் கையுறைகள், சமோசா, ரத்தப் பஞ்சு. கடைசி வாளியின் அடியில் முடிச்சுப் போட்ட ஒரு பை கிடந்தது. ஒச்சான் அழுத்திப் பார்த்தான்.

"இதுதான் போல."

"போலன்னா?"

"மெத்துன்னு இருக்கு, கனமா இருக்கு. வேற என்னவா இருக்கும், ஐயா?"

வேறு என்னவாக இருக்கும் என்று செபுன்யாவுக்கும் தோன்றவில்லை. சந்தேகம் மட்டும் தோன்றியது. அதை அத்தையிடம் கொண்டுபோக முடியாது, பையைக் கொண்டுபோகலாம். வாடகை மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில், நெரிசல் முழுக்க அதைத் தூங்கும் பிள்ளைபோல் மடியில் வைத்திருந்தான்.

அத்தை முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை வாழையிலையில் ஏந்தி, நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"அப்படியே நம்ம யானைக் குலத்து ஜாடை" என்றாள். கண் கலங்கியது. குழியில் இறக்கி, மண் தள்ளி, குழந்தையின் குலப்பெயரை உரக்கச் சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் குலவையிட்டார்கள்.

அது, அன்று காலை ஒரு சிமெண்ட் வியாபாரியின் வயிற்றிலிருந்து வெட்டியெடுத்த கட்டி.