கீழ்ப் பாதியில் ஒரு சுருள்

"லேப்டாப்போட வாங்க மேடம், நேர்ல பேசிக்கலாம்" என்று சாய்நாத் போனில் சொன்னான். அடையாறில் நடக்கவிருந்த கணினி ஓவியக் கண்காட்சிக்கு அவன்தான் பொறுப்பு. மாலையில் திறப்பு விழா. என் படம் ஒன்றும் சுவரில் ஏறியாயிற்று. அப்புறம் மத்தியானம் எதற்குக் கூப்பிடுகிறான்? நல்ல செய்தி சொல்லவா?

என் கணவர் ஸ்ரீநாத் காரை ஓட்டினார். 

ஹாலுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது ஏணிதான். அது என் படத்தின் அடியில் சாய்ந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றான் சாய்நாத். "இது ஏஐ போட்ட படம்னு கம்ப்ளைன்ட் வந்திருக்கு. இங்க ஏஐ கூடாதுன்னு உங்களுக்கே தெரியும். நீங்களே தேடிப் பிடிச்ச இடம்னா அட்ரஸ் குடுங்க. அடிச்சுப் பார்ப்போம். சரியா வந்தா முடிஞ்சுது."

அட்ரஸ் என்றால் இரண்டே எண்கள். ஒரு சின்னச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டால் திரையில் ஓர் உருவம் வரும். படுத்த வாக்கில் பருத்த உடம்பு, உருண்டைத் தலை, ஓரமெல்லாம் சுருள்கள். அந்த ஓரத்தில் எந்த இடத்தைப் பெரிதாக்கினாலும் உள்ளே வேறு சுருள்கள், அவற்றுக்குள்ளும் சுருள்கள். அடிவரை போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. தினமும் குக்கர் வைப்பதற்கு முன்னால் நான் அதற்குள் இறங்குவேன். பிடித்த இடம் கிடைத்ததும் நிறம் கொடுத்துப் படமாக்கி, சாய்நாத்தும் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அது எந்த இடம் என்று சொல்லும் எண்களை மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன். திரும்பி வர முடியாது என்று தெரிந்தால்தான் கண் ஒழுங்காகப் பார்க்கும் என்பது என் கட்சி. வீம்பு என்றும் சொல்லலாம்.

"சேவ் பண்ணலை" என்றேன்.

"எல்லாரும் பண்ணுவாங்களே மேடம்." அவன் பார்வை ஏணிக்குப் போய் வந்தது. "அப்போ இறக்கித்தான் ஆகணும். ஏன் இறக்கினோம்னு குரூப்லயும் போடணும்."

குழுவில் போட்டால் இந்த ஒரு படத்தோடு போகாது. இதுவரை நான் போட்ட அத்தனை காலைகளும் பொய் என்றாகிவிடும். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இங்கேயே, உங்க எல்லார் கண்ணு முன்னாடியும் தேடி எடுக்கறேன்" என்றேன்.

"சீஃப் கெஸ்ட் வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க" என்று சாய்நாத் நாற்காலி இழுத்துப் போட்டான்.

தலையும் உடம்பும் சேரும் கழுத்துப் பள்ளத்தில் இறங்கினேன். அங்கே வால் வாலாகத் தொங்கும். அதில் பெரிய வால். அதன் நுனிச் சுருள். சுருளின் கண். இப்படி வழி எனக்கு நினைவிருந்தது. ஆனால் ஒரு வளைவு தவறினாலும் வேறு ஊருக்குப் போய்விடுவேன். இரண்டு முறை போனேன். முதலிலிருந்து மறுபடி இறங்கினேன். கடைசியில் சுருளிலிருந்து பிரியும் கைகளின் எண்ணிக்கை படத்தோடு ஒத்துவந்தது. நிறத்தைக் கொடுத்தேன். இதுதான் என்று மூச்சு விட்டேன்.

சாய்நாத் திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அங்க வலப்பக்கம் சுத்துது, இங்க இடப்பக்கம். அந்தக் குட்டி முடிச்சு அங்க மேல இருக்கு, இங்க கீழ இருக்கு. கிட்டத்தட்ட இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கிட்டத்தட்டன்னா எந்த ஏஐயும் குடுக்குமே மேடம்."

வேறு வாலில் இறங்கிப் பார்த்தேன். கைகள் ஒத்துவரவில்லை. இன்னொன்றில் நிறமே பிடிக்கவில்லை. வாசலில் பூச்செண்டு கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் ஏணியில் ஒரு காலை வைத்தபடி சாய்நாத்தின் முகத்தைப் பார்த்தார்.

ஸ்ரீநாத் என் காதருகே குனிந்தார். "ஜானு, ஒத்துண்டுடேன். எப்படியும் கம்ப்யூட்டர்தானே போடறது, எதுல போட்டா என்ன? சாரி சொல்லிட்டு ஆத்துக்குப் போயிடலாம்."

"நான் ஏஐல போட்டேன்னு நெனைக்கறேளா?"

 அவர் கார் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றினார்.

அப்போதுதான் எனக்கு அழுகை முட்டியது. சாய்நாத் யாரோ எவனோ. இவர் தினமும் காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறவர்.

கம்ப்யூட்டர்தானே. இதை எங்கே கேட்டேன்? அந்தப் படம் போட்ட ஆடி வெள்ளியன்று கேட்டேன். தன் அக்காவிடம் போனில், "ஜானுவா? கம்ப்யூட்டர்ல பொம்மை பாத்துண்டிருக்கா" என்று இவர் சிரித்த காலை அது. நான் எப்போதும் மேல் பாதியில்தான் இறங்குவேன். அன்று வந்த எரிச்சலில், எல்லாம் தலைகீழாகப் போகட்டும் என்று கீழ்ப் பாதியில் இறங்கினேன். தெப்பக்குளத்தில் விழும் கோபுர நிழல் மாதிரி, இந்த உருவத்தில் மேலே இருப்பதெல்லாம் கீழேயும் தலைகீழாக இருக்கும். தினமும் புழங்கும் எனக்கே பதற்றத்தில் அது மறந்துபோயிருக்கிறது.

பேக் பட்டனைத் தட்டித் தட்டி முதலில் பிடித்த இடத்துக்குத் திரும்பினேன். மேலா கீழா என்று சொல்வது இரண்டாவது எண்தான்; அதற்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டேன்.

ஆழம் அதிகம் என்பதால் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. சாய்நாத் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். முதலில் குட்டி முடிச்சு வந்தது. மேலேதான் வந்தது. பிறகு சுருளின் முதல் கை வலப்பக்கம் திரும்பியது. மீதியும் சுவரில் இருப்பது போலவே வந்தது.

"ஏணியை எடுத்துடுப்பா" என்றான் சாய்நாத். என் முகத்தைப் பார்க்காமல், "சாரி மேடம். அந்த அட்ரஸை மட்டும் அனுப்பிடுங்க" என்றான்.

"நான் அப்பவே நெனச்சேன், நீ விடமாட்டேன்னு" என்று ஸ்ரீநாத் சிரித்தார்.

முதல் தடவையாக ஓர் இடத்தின் எண்களைச் சேமித்தேன். அவற்றை சாய்நாத்துக்கு அனுப்பினேன். பிறகு அதே எண்களை இன்னொருவருக்கும் அனுப்பினேன். ஸ்ரீநாத்தின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார்.

"இது எனக்கெதுக்கு?" என்றார்.

"உங்களுக்குத்தான் வேணும்" என்றேன்.