வெறுந்தட்டு

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் எடையளவு ஆய்வாளராக இருந்தேன். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் பறிமுதல். நான் குத்திய முத்திரையை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவது எனக்குப் பெருமை சேர்க்காது.

என் பேத்தி செவித்திறன் படிப்பில் கடைசி வருடம். அந்த வருடத்து மாணவர்கள் மூன்று மாதம் ஒரு சமூக மையத்தில் சம்பளமில்லாமல் பயிற்சி செய்ய வேண்டும். அவளுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தொழிலாளர் குடியிருப்பிலுள்ள மையம் கிடைத்தது. முதியவர்களின் காதைச் சோதித்து, தேவைப்படுகிறவர்களுக்கு இலவசமாகக் காதுக்கருவி பொருத்தி, அதைப் பழக்கிவிட வேண்டும். நல்ல காரியம். நடைப்பயிற்சியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

இரண்டாம் வாரம் பஸ் டிரைவர் வந்தார். வீட்டுக்கு அல்ல, அவள் பேச்சுக்குள். முப்பது வருடம் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தொலைத்த மனிதராம். டிரைவர் தாத்தா இன்று இப்படிச் செய்தார், டிரைவர் தாத்தா இன்று அப்படிச் சொன்னார். அவளுடைய அம்மாவைப் பெற்றவர் அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். ஆகவே தாத்தா என்ற சொல் இருபத்தோரு வருடமாக எனக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதை என்னைக் கேட்காமல் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

பயிற்சி தொடங்கிய நாளிலேயே, எனக்கும் ஒருமுறை சோதித்துவிடலாமா என்று கேட்டாள்.

"நம்ம குடும்பத்துல யாருக்கும் காது போனதில்லை. எங்கப்பா தொண்ணூத்தோரு வயசுல பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டு எங்களுக்கு ஒப்பிப்பார்" என்றேன்.

அது உண்மை. எனக்கும் நன்றாகத்தான் கேட்டது. மற்றவர்கள்தான் ஓரிரு வருடங்களாக வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள். யாராவது குரலை உயர்த்தினால், ஏன் கத்துகிறாய் என்று கேட்பேன். அதனால் என்னிடம் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். பேத்தியும்தான். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கிளம்புறேன். மிச்சப் பேச்செல்லாம் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் எதையோ சொல்ல, மகனுக்கும் மருமகளுக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது போலிருக்கிறது. மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு தண்ணீர் வைக்க வந்தபோது, என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"என்ன மாமா, டிரைவர் பேரை எடுத்தாலே முகம் கடுகடுன்னு ஆகுது? அந்த மனுஷன் நம்ம சொத்துல பங்கா கேட்டார்?"

பங்கு கேட்டிருந்தால் பரவாயில்லை. அவர் முழுசாக அல்லவா எடுத்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை பேத்தி குடையை மறந்துவிட்டுப் போனாள். கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கிளம்பினேன். வெயில் கொளுத்துகிறதே என்று மருமகள் பின்னாலிருந்து சொன்னாள். அதைக் கேட்காதவன் போல் நடந்தேன். அப்படி நடப்பது அப்போது எனக்கு எளிதாக வந்தது.

மையம் என்பது பழைய கிடங்கு ஒன்றைத் தடுத்துச் செய்த இரண்டு அறை. வாசலில் நின்றபடியே பார்த்தேன். என் பேத்தி ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, கனத்த மீசைக்காரர் ஒருவரின் காதுக்குப் பின்னால் கருவியைத் தன் விரலாலேயே பொருத்திக்கொண்டிருந்தாள். பிறகு உதடு தெரியாதபடி ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சொல் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். அவள் கைதட்டினாள். இன்னொரு சொல். இன்னொரு கைதட்டல்.

அவள் கைதட்டும்படி நான் எதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

குடையை மூலையில் சாத்திவிட்டு டோக்கன் எடுத்தேன். பதினேழாம் எண். அந்த மீசையின் காதைவிட என் காது எத்தனை மடங்கு மேல் என்பதை அவள் கையாலேயே எழுத வைப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவள் ஒரு கணம் திகைத்தாள். ஆனால் எல்லாரிடமும் பேசுவது போலவே பேசி, சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்கார வைத்தாள். ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் அழுத்துங்க தாத்தா. கேக்கலைன்னா சும்மா இருங்க. அதுவும் பதில்தான்."

கதவை மூடிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் சில சத்தங்கள் கேட்டன. பிறகு நின்றுவிட்டன. ஆனால் அவள் வலது முழங்கை கண்ணாடி வழியே தெரிந்தது. ஒவ்வொரு முறை சத்தம் அனுப்பும்போதும் அது லேசாக அசைந்தது. முப்பத்து நான்கு வருடம் தராசு முள்ளைப் பார்த்த கண்ணுக்கு அது போதும். முழங்கை அசைந்தது, அழுத்தினேன். அசைந்தது, அழுத்தினேன்.

சோதனை முடிந்து அவள் உள்ளே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. எல்லாம் மேல் கோட்டில் வரிசையாக நின்றன.

"இருபது வயசுக்காரங்களுக்குக்கூட இப்படி வராது" என்றாள்.

"நம்ம குடும்பத்துக் காது."

அவள் கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசி ஆறு தடவை நான் சத்தமே அனுப்பல தாத்தா. முழங்கையை மட்டும்தான் அசைச்சேன். ஆறுக்கும் அழுத்தினீங்க."

எந்தத் தராசையும் சோதிக்கும்போது முதலில் எடைக்கல்லைத் தொட மாட்டோம். இரண்டு தட்டையும் வெறுமையாக விட்டு முள்ளைப் பார்ப்போம். வெறுந்தட்டிலேயே முள் சாய்ந்தால் அதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் கடைக்காரர்களின் முகம் போகும் போக்கை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அப்போதும் நான் விடவில்லை. அப்படியே எழுதிவிட்டுப் போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

அவள் கோபப்படவில்லை. தாளின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். சோதித்தவர் பெயர் என்று அச்சடித்த இடத்தில் அவள் பெயர், முன்னால் என் மகனின் முதலெழுத்து. அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு.

"கையெழுத்து நான்தான் போடணும்."

பொய்த் தராசுக்கு முத்திரை குத்திய சக அதிகாரி ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அந்தக் கதையை அவள் சின்ன வயதில் என்னிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். இப்போது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நாற்காலியைத் திருப்பிப் போடு" என்றேன்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். இம்முறை முழங்கை இல்லை, கண்ணாடி இல்லை. ஒன்றுமே கேட்காத நேரம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு முறை கட்டைவிரல் தானாகத் துடித்தது. மற்ற கையால் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது தாளில் வட்டங்கள் படிக்கட்டு போல இறங்கின. முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதில் கையெழுத்திட்டாள். பிறகு என் வலது காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, கத்தாமல், நிதானமாகக் கேட்டாள்.

"அன்னைக்குச் சாப்பிடும்போது ஏன் சிரிச்சோம்னு சொல்லட்டுமா?"

சொன்னாள். கருவி மாட்டிய மறுநாள் டிரைவர் ஓடிவந்து அதைத் திருப்பி நீட்டினாராம். பத்து வருடமாக மனைவி சமையலறையில் முணுமுணுத்தது என்ன என்று இப்போதுதான் தெரிகிறது, எனக்கு இது வேண்டாம் தாயே என்றாராம்.

நல்ல நகைச்சுவைதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பேன்.

வெளியே வந்தபோது அந்த மீசைக்கார டிரைவர் எழுந்து நின்று எனக்கு இடம் கொடுத்தார். கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"முதல் தடவை நானும் முழங்கையைப் பார்த்துத்தான் சார் அழுத்தினேன். பாப்பா உடனே கண்டுபிடிச்சிடுச்சு" என்றார்.

பொய்யில்கூட அவர் எனக்கு முந்திவிட்டார்.

மூன்று வாரத்தில் எனக்குக் கருவி வந்தது. வியாழக்கிழமைகளில் பயிற்சி. பேத்தி இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. டிரைவரின் பிறந்த தேதியைக் கேட்டேன். அவரைவிட நான் நான்கு மாதம் மூத்தவன். அதைச் சொல்லிவிட்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் தாளால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சொல் சொன்னாள். திருப்பிச் சொன்னேன். கைதட்டினாள். டிரைவரும் கைதட்டினார். அவருடையதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.