இரண்டாவது அடி

என் தங்கையின் கணவர் ரொட்டி சுடுகிறவர். வீட்டில் நாங்கள் மாப்பிள்ளை என்போம். பேக்கரியில் அவருக்குப் பெயர் தூங்குமூஞ்சி. ஊர் விழிப்பதற்கு முன்னால் வேலைக்குப் போய், ஊர் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வீடு வந்து படுக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? காலை பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். மாவு பிசைந்து பிசைந்து முன்கை இரண்டும் தூண் மாதிரி இருக்கும். ஆனால் ஆள் பரம சாது. மகள் காலில் முள் குத்தினால் எடுக்கச் சொல்லி என் தங்கையிடம் அனுப்பிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் யார் மேலும் கை நீட்டி நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் அவர்கள் தெருவில் பகல் திருட்டு அதிகமாக இருந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள் நிறைந்த தெரு. பதினோரு மணிக்கு மேல் நாய்கூடக் குரைக்காது. என் தங்கைக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை, மகள் பள்ளிக்கூடத்தில். அவர் தூக்கம் கலையக் கூடாதென்று தங்கை வெளியே பூட்டிக்கொண்டு போவதால் வாசலில் பூட்டுத் தொங்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு உள்ளே ஒருவர் தூங்குவது தெரிய வழியில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஒரு மாணவியை ஓட்ட விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையிடமிருந்து போன்.

"மச்சான், வீட்டுக்குள்ள ஒருத்தன் வந்துட்டான். அடிச்சிட்டேன். எழுந்திரிக்க மாட்டேங்கறான்."

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். ஆம்புலன்ஸுக்கும் போலீசுக்கும் சொல்லும்படி அவரிடம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சாலை விதி அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்ததால் எங்கள் குடும்பத்தில் எனக்குச் சட்டம் தெரிந்தவன் என்று ஒரு பேர். அந்தப் பேரைக் காப்பாற்ற மேலும் சொன்னேன்.

"பயப்படாதீங்க மாப்பிள்ளை. நம்ம வீட்டுக்குள்ள வந்தவனை அடிச்சா கேஸே கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க."

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு, டீ வாங்கிக்கொடுத்து, தன் மகனிடம் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் சொன்னது இதுதான். குளியலறைப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தார். எழுந்து வந்தால் நடையில் ஒரு ஆள், கையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர். குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒன்றுகூட உடையாமல் கழற்றித் தரையில் அடுக்கிவிட்டு இறங்கியிருந்தான். துணி உலர்த்தக் கொடி கட்டுவதற்காக வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த இரும்புக் குழாயை மாப்பிள்ளை எடுத்து ஓங்கி அடித்தார். தோளில் பட்டது. ஸ்க்ரூ டிரைவர் கைநழுவிச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உருண்டது. ஆள் சமையலறைக்கு ஓடிப் பின்கதவைத் திறக்கப் பார்த்தான். அது மழையில் ஊறி உப்பிய கதவு. கைப்பிடியை மேலே தூக்கி, முழங்காலால் தள்ளினால்தான் திறக்கும். அவனுக்கு அது தெரியாது. இழுத்துக்கொண்டே நின்றான். இவர் பின்னால் போய் அதே குழாயால் இன்னும் இரண்டு அடி அடித்தார்.

"அப்போ அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்னான்?"

"கதவைப் பார்த்து."

"கையில ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல சார்."

எழுதியதைப் படித்துக்காட்டி, சரிதானே என்று கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அந்த ஆள் மருத்துவமனையில் இறந்துபோனான். மாப்பிள்ளையைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம் என்று போன நான், அவருடைய பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் ஒரு காகித உறையில் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நாங்கள் பிடித்த வக்கீல் அம்மா ஐம்பது வயதுக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். வாக்குமூலத்தை இரண்டு முறை படித்துவிட்டு, இவ்வளவையும் இவரை யார் சொல்லச் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன்.  பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கையை என் பக்கம் தள்ளினார். காயம் மூன்று. ஒன்று இடது தோளில். இரண்டு பின்மண்டையில்.

"அடிக்கிற உரிமை ஆபத்து இருக்கிற வரைக்கும்தான். அது முதுகைக் காட்டிடுச்சுன்னா உரிமையும் அங்கேயே முடிஞ்சது. அதுக்கு மேல விழற ஒவ்வொரு அடிக்கும் நாமதான் பொறுப்பு."

அவன் திருட வந்தவன் அம்மா, சொந்த வீட்டில் ஒருத்தன் வேறு என்னதான் செய்வான் என்று கேட்டேன். ஒதுங்கி நின்றிருக்கலாம் என்றார். அவ்வளவு சாதாரணமாக அதைச் சொன்னார்.

ஒரு வழி இருக்கிறது என்றும் சொன்னார். பயம். பயத்தில் நடுங்குகிறவன் தராசு வைத்து நிறுத்து அடிக்க முடியாது என்று நீதிமன்றத்துக்கும் தெரியும். அந்த ஆள் திரும்பினான், இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனான், இன்னொரு ஆயுதம் எடுக்கிறான் என்று நினைத்துவிட்டேன். மாப்பிள்ளை கூண்டில் இதைச் சொன்னால் போதும். முதலில் போலீசில் சொன்னது அதிர்ச்சியில் உளறியது என்று தான் வாதாடிப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஜாமீன் கிடைத்தது. வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. மாப்பிள்ளை பழையபடி பேக்கரிக்குப் போனார். ஆனால் வீட்டுக்கு வந்து படுப்பதில்லை. நடையைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தூங்குமூஞ்சி தூங்காமல் ஆகிவிட்டார் என்று பேக்கரியில் ஒருவன் சிரிக்க, மற்றவர்கள் அவனை முறைத்தார்களாம். என் தங்கை தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அவர் எதிரில் உட்கார்ந்து, கூண்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள், மகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதுபோல. திரும்பினான். இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனான். அவரும் தப்பில்லாமல் சொல்வார்.

ஒரு நாள் அவரை வக்கீல் வீட்டிலிருந்து என் காரில் கூட்டிவந்தேன். சிக்னலில் நின்றபோது தானாகவே ஆரம்பித்தார்.

"அவன் பேசினான் மச்சான்."

"யாரு?"

"அந்தப் பையன். கதவை இழுத்துக்கிட்டே கேட்டான். 'அண்ணே, இது எப்படித் திறக்கும்'னு. திரும்பக்கூட இல்ல. பக்கத்து வீட்டு ஆள்கிட்ட கேக்குற மாதிரி கேட்டான்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

"தூக்கித் தள்ளுடான்னு சொல்லியிருக்கலாம். ரெண்டே வார்த்தை."

அப்புறம் ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. 

"பயம் இல்ல மச்சான். பயமெல்லாம் அதுக்குள்ள போயிடுச்சு. என் வீட்டுக் கதவை என்கிட்டயே கேக்கறானேன்னு ஒரு கோவம். அவ்வளவுதான்."

இதை இனிமேல் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, வக்கீலிடமும் கூடாது, என் தங்கையிடமும் கூடாது என்றேன். சரி என்றார்.

இறந்தவனுக்கு இருபத்தைந்து வயது. பெயின்ட் அடிக்கிற வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்ததாம். அவனுடைய அப்பா ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் வந்தார். தையல் மிஷின் பழுது பார்க்கிறவர். விரல் நகங்களில் எண்ணெய்க் கறுப்பு. நீதிமன்ற வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான். அதன் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் அவர். எங்களை ஒரு தடவைகூட ஏசியதில்லை. ஏசியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு நாள் மாப்பிள்ளையும் தங்கையும் உள்ளே போயிருந்தபோது அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் பண்ணது தப்பு. அது எனக்குத் தெரியும் தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசியா ஏதாவது சொன்னானா?"

ஒன்றும் சொல்லவில்லை, உடனே நினைவு தப்பிவிட்டது என்றேன். அவர் தலையாட்டினார். நன்றி வேறு சொன்னார்.

மாப்பிள்ளை கூண்டேறிய அன்று எங்கள் வக்கீல் அம்மா கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகவே பதில் சொன்னார். திரும்பினான் என்றார், இடுப்பு என்றார். என் தங்கையின் உதடுகள் அவரோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. பிறகு அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். இளைஞர், பெரிய சூரர் இல்லை. கடமைக்குத்தான் கேட்டார். திரும்பியவன் உங்களிடம் ஏதாவது சொன்னானா, மிரட்டினானா?

மாப்பிள்ளை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புரிந்ததா என்று கேட்டார்.

"புரிஞ்சுதுங்க. அவன் திரும்பவே இல்ல. கதவை எப்படித் திறக்கணும்னு என்கிட்ட கேட்டான். நான் சொல்லல. அடிச்சேன்."

வக்கீல் அம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். என் தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள். நான் அந்தப் பெரியவரைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். அவர் கூண்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பை வாசிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முதல் அடியில் குற்றமே இல்லை என்றார் நீதிபதி. ஆயுதத்தோடு வீடு புகுந்தவனை அடிக்க யாருக்கும் உரிமை உண்டு. அதை விளக்கமாகவே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நம்பிக்கைகூட வந்தது. அதன் பிறகு இரண்டாவது அடிக்கு வந்தார். ஆயுதம் இழந்து, முதுகு காட்டி, வெளியே போக வழி கேட்டவன் மேல் விழுந்த அடி. அது தற்காப்பு இல்லை, ஆத்திரம். ஆறு வருடம்.

என் தங்கை அழவில்லை. வண்டியில் ஏற்றுவதற்கு முன் கால் மணி நேரம் பேச விட்டார்கள். அவள் அவரிடம் பேசவில்லை, என்னிடம்தான் சொன்னாள், அவர் காதில் விழும்படி.

"செத்துப்போனவனுக்கு உண்மையைச் சொல்லிட்டாரு. உயிரோட இருக்கிற எங்களுக்கு என்ன சொல்லப் போறாரு?"

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். வக்கீல் அம்மா காகிதங்களைத் தயார் செய்துகொடுத்தார். தண்டனையையாவது குறைக்கலாம் என்றார். நான் மூன்று முறை சிறைக்குக் கொண்டுபோனேன். முதல் முறை, யோசிக்கிறேன் என்றார். இரண்டாவது முறை மகளைப் பற்றிக் கேட்டுவிட்டுக் காகிதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை நான் கெஞ்சினேன். உங்களுக்காக வேண்டாம், அந்தக் குழந்தைக்காகப் போடுங்கள் ஒரு கையெழுத்து என்றேன்.

"மேல்கோர்ட்டுல போய் என்ன சொல்லச் சொல்றீங்க மச்சான்?"

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். முப்பதாவது நாள், ஒரு மாணவனுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோதே அவகாசம் முடிந்துபோனது.

தங்கை அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சிறைக்கு அவள் வருவதில்லை. நான் அழைத்தால் போனை எடுப்பதும் இல்லை. அன்றைக்கு மதியம் நான் மாப்பிள்ளையிடம் என்ன சொன்னேன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னால் என்ன, ஒண்ணையும் மறைக்காதீங்க என்று அவரிடம் சொன்னது நான்தானே.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன். சமையல்கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். உடம்பு பாதியாகிவிட்டது. அந்த முன்கைகளில் இப்போது எலும்பு தெரிகிறது. பேக்கரிச் செய்தி ஏதாவது சொல்வேன். கேட்டுக்கொள்வார்.  பெரும்பாலும், நேரம் முடிவதற்குள் அவரே எழுந்து உள்ளே போய்விடுகிறார்.