ஒற்றை டிக் விழுந்தவர்கள்

தஸ்லீம் ஆட்டோவிலிருந்து இறங்கிச் செருப்பைக் கழற்றுவதற்குள் மையித்தைக் குளிப்பாட்ட எடுத்துப் போய்விட்டார்கள். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நீலத் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. மணி இரண்டேகால். அவளுடைய அக்கா புருஷன் ஷவுகத் அலி காலை ஐந்தரைக்கு இறந்திருந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லிக்கு அரைமணி நேரம் போதும். ஒன்பது மணி நேரம் கழித்து வந்து நிற்பவளை, ஹாலில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வந்துட்டாங்கப்பா மகாராணி" என்றாள் கமருன்னிசா. ஷவுகத் அலிக்கு அக்கா. அந்தக் குடும்பத்தில் கல்யாணமானாலும் மௌத்தானாலும் அவள் குரல்தான் முதலில் கேட்கும்.

"எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு மணிக்கு ஆவடியிலேர்ந்து சாச்சி போன் பண்ணாங்க. அடக்கம் எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. யாருக்கு அடக்கம்னு நான் திருப்பிக் கேக்குறேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா அஷ்ரஃபுன்னிசா தலையைத் தூக்கினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் தஸ்லீமுக்குத் தோன்றியது. ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

"எப்டிடி தெரியும்? மச்சான ப்ளாக் பண்ணி வெச்சிருக்கியே, மௌத்து சேதி எப்டி வரும் உனக்கு?" என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி.

தஸ்லீம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சேதி அனுப்பியது அக்கா மகள் அலீனா. சொந்தக்காரர்கள், கடைக்காரர்கள், ஜமாஅத்காரர்கள் எல்லோருடைய நம்பரும் அவளுடைய அத்தா ஷவுகத் அலியின் போனில்தான் இருந்தன. அதனால் அதிலிருந்தே எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். மெரினாவில் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கும் படத்தோடு, ஷவுகத் அலி மௌத்தாகிவிட்டார் என்று ஷவுகத் அலியே ஊருக்குச் சொன்னார். தஸ்லீமுக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. அவள் புருஷன் முஜீப்புக்குப் பாடியிலிருக்கும் கம்பெனியில் முதல் ஷிப்ட். கேட்டில் ஒப்படைத்த போன் மூன்று மணிக்குத்தான் கைக்கு வரும்.

ப்ளாக் பண்ணி இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் வந்தது. பிறகு, தூங்கிட்டியா என்று வந்தது. பிறகு, முஜீப்புக்கு இன்னிக்கு நைட் ஷிப்டா என்று வந்தது. பச்சைப் புடவையில் ஒரு போட்டோ அனுப்பு என்று வந்தது. அவள் பதிலே போடவில்லை. கடைசியில் அவர் ஒரு படம் அனுப்பினார். அதைப் பார்த்த அன்று அவளால் சோறு தின்ன முடியவில்லை.

போனை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவது? சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்த அஷ்ரஃபுன்னிசா அடுப்பைக்கூட அணைக்காமல் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். "அழிச்சிரு. ப்ளாக் பண்ணிட்டுப் போ. யார்கிட்டயும் வாயத் தொறக்காத. எனக்கு வயசுப் பொண்ணு கீறா" என்றாள். நம்புகிறேன் என்றோ நம்பவில்லை என்றோ சொல்லவில்லை. பிறகு சோறு போட்டாள்.

அந்தப் பெருநாளுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது ஷவுகத் அலி சிரித்துக்கொண்டே, "என் மச்சினிச்சி என்னை ப்ளாக் பண்ணிட்டாங்க. நான் அவங்களுக்கு இன்னா கொறை வெச்சேன்னு கேளுங்க" என்றார். பத்துப் பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தஸ்லீம் அக்காவைப் பார்த்தாள். "அவளுக்குத் திமிரு, வுடுங்க" என்றாள் அக்கா. அன்றிலிருந்து அதுவே அவளுக்குப் பேராகிவிட்டது. முஜீப் கூட, "பெரிய மனுசன் தஸ்லீம், ப்ளாக்க எடுத்துவிடேன்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். நீ சொன்னதை நம்பினேன் என்று அக்கா ஒரு தடவை சொல்ல வேண்டும்.

தார்ப்பாய்க்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கற்பூர வாசனை ஹாலுக்கு வந்தது.

"அடியே அலீனா, அடக்கம் அசர் தொழுகைக்குன்னு மாத்தி அனுப்பினியே, எல்லாருக்கும் போய்ச் சேந்துச்சா பாரு. சேரலன்னா போன் போட்டுச் சொல்லிரு. அப்பால என்னை வுட்டுட்டாங்கன்னு கோச்சிக்குவாங்க" என்றாள் கமருன்னிசா.

அலீனா அத்தாவின் போனை எடுத்துத் தள்ளிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். தேம்பல் இன்னும் அடங்கவில்லை.

"காலைல பதினஞ்சு பேருக்கு ஒரு டிக்தான் மாமி இருந்துச்சு. நெறைய பேர் போன் ஆன் பண்ணிட்டாங்க போல. இப்ப நாலே பேர்தான்."

"யார் யாரு? படி."

"தஸ்லீம் சின்னம்மா."

"அது தெரிஞ்ச கதைதானே. அப்பறம்?"

"ரெஹானா சாச்சி."

ரெஹானா எதிரிலேயே இருந்தாள். ஷவுகத் அலியின் தம்பி பெண்டாட்டி. யாசீன் புத்தகத்தில் விரல் வைத்திருந்தவள் அந்த விரலை நகர்த்தவில்லை.

"இவளா? இவ பொழுது விடிஞ்சதுலேர்ந்து இங்கதானே கீறா. போன்ல நெட் இருக்காது. அடுத்தது?"

"பானுப்பிரியா. நம்ம கடையில பில் போட்டுகினு இருந்தாங்களே, அந்த அக்கா."

"சொல்லாம கொள்ளாம வேலைய வுட்டு நின்னாளே, அவளா? அவளுக்கு எதுக்கு இப்ப? வுடு."

அலீனா அடுத்த பெயரைப் படிக்கவில்லை. போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். அந்த உரையாடலைத் திறந்து மேலே தள்ளினாள். மறுபடியும் மூடித் திறந்தாள்.

"நாலாவது யாருடி?"

"ஷர்மிளா."

"எந்த ஷர்மிளா?"

"என் ஃப்ரெண்ட் ஷர்மி. என் கூடப் படிச்சவ." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "இவ நம்பர் அத்தாகிட்ட எதுக்கு? டிபியும் தெரியல. சின்னம்மாவுதும் தெரியல. நாலு பேருதும் தெரியல. உள்ள இன்னிக்கு நான் அனுப்புனதுதான் கீது. மேல எல்லாம் அழிச்சிருக்கு."

யாசீன் ஓதுவது அரையும் குறையுமாக நின்றது. நாலு பேரும் பெண்கள் என்பதைக் கமருன்னிசாவைத் தவிர எல்லோரும் கணக்குப் பண்ணி முடித்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளும் முடித்தாள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி தஸ்லீம் பார்த்தது அன்றுதான்.

அஷ்ரஃபுன்னிசா எழுந்து வந்து மகள் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "போதும். ஓதுற எடத்துல போன் எதுக்கு?" என்று சொல்லி அதை அணைத்தாள். அலீனா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியத்தின் அடையாளம் ஏதாவது அந்த முகத்தில் இருக்கிறதா என்று தேடுகிறாள் என்பது தஸ்லீமுக்குப் புரிந்தது. ஒன்றும் இல்லை.

கஃபன் துணி சுற்றிய மையித்தைக் கொண்டுவந்து ஹால் நடுவில் வைத்தார்கள். அத்தர் மணத்தது. கமருன்னிசாவுக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது.

"பொண்டாட்டி, பொண்ணு, கூடப்பொறந்தவங்க மட்டும் மொகம் பாக்கலாம். மச்சினிச்சி, தம்பி பொண்டாட்டி எல்லாம் உள்ளாற போங்க. அன்னியப் பொம்பளைங்க பாக்கக் கூடாது."

தஸ்லீமுக்குச் சிரிப்பு வந்தது. மௌத்து வீட்டில் வரக்கூடாத சிரிப்பு. உயிரோடு இருந்தவரைக்கும் இந்தச் சட்டத்தை யாரும் அந்த மனிதருக்குப் படித்துக் காட்டவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பின்னாலேயே ரெஹானாவும் வந்து பீரோவில் சாய்ந்துகொண்டாள்.

"உனக்குமா?" என்றாள் ரெஹானா மெதுவாக.

"ம்."

"எனக்கு மூணு வருஷமாச்சு. உன்னைத் திமிரு புடிச்சவன்னு எல்லாரும் சொன்னப்போ நானும் ஆமான்னு சொல்லிகினு இருந்தேன்." அவள் அழ ஆரம்பித்தாள்.

வாசலிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. பெங்களூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்த ஷவுகத் அலியின் அண்ணன். மையித்தைத் தூக்குவதற்கு முன்னால் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "என் தம்பி தெரிஞ்சோ தெரியாமலோ யார் மனசாவது நோக நடந்திருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்குங்க."

தெருவில் நின்ற ஆண்கள் ஒரே குரலாக, "பொறுத்துக்கிட்டோம்" என்றார்கள். ஹாலில் சில பெண்கள் முணுமுணுத்தார்கள். அலீனாவின் குரல் அதில் இல்லை.

உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அஷ்ரஃபுன்னிசா வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"ரெண்டு பேரும் ஒரு வார்த்த சொல்லிருங்க. உங்க கால்ல வுழறேன். நீங்க சொல்லலன்னா அவருக்குக் கபுருக்குழியில வேதனை."

"பொறுத்துக்கிட்டேங்க்கா" என்றாள் ரெஹானா உடனே. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அக்கா தஸ்லீமின் கையைப் பிடித்தாள். "சொல்லுடி."

"அன்னிக்கு நான் சொன்னத நீ நம்புனியா, இல்லியா?"

"இப்பவா அதக் கேக்குற?"

"எப்பக் கேக்குறது?"

அஷ்ரஃபுன்னிசா கையை விட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நம்புனேன். நீ காட்டுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பானு ஏன் வேலைய வுட்டான்னும் தெரியும்."

இரண்டு வருஷமாக எதைக் கேட்கக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. வந்ததும் அதைவிடக் கசப்பானது எதுவும் இருக்க முடியாது என்று தஸ்லீமுக்குத் தோன்றியது. நம்பாமல் விட்டிருந்தால் அக்காவை மன்னித்திருப்பாள்.

"தெரிஞ்சுதான் எனக்குத் திமிருன்னு சொன்ன."

"பொண்ணு காதுக்குப் போவக் கூடாதுன்னுதான்டி. அவளுக்கு அத்தான்னா உசிரு."

"அவ ஃப்ரெண்டு எப்பலேர்ந்து இந்த ஊட்டுக்கு வரல?"

அக்கா கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

"போன வருஷம் நோம்புலேர்ந்து" என்று தஸ்லீமே சொன்னாள். அலீனா அப்போதே அவளிடம் சொல்லிப் புலம்பியிருந்தாள். "நான் உன்கிட்ட காட்டி ஒரு வருஷம் கழிச்சு. அன்னிக்கே நீ வாயத் தொறந்திருந்தாலோ, நான் தொறந்திருந்தாலோ அந்தப் பொண்ணுக்கு வந்திருக்குமா? எனக்கு நடந்தத வேணா பொறுத்துக்கலாம். அவளுக்கு வந்தத நான் இன்னான்னு பொறுத்துக்குறது?"

வெளியே கலிமா சத்தம் எழுந்தது. மையித்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிவிட்டார்கள். அஷ்ரஃபுன்னிசா ஓடினாள். வாசல்வரைக்கும்தான் அவள் போக முடியும். அங்கே நின்று அவள் கத்திய கத்தல் உள்ளறைவரை கேட்டது. ஆனாலும் பொறுத்துக்கிட்டேன் என்ற வார்த்தை தஸ்லீம் வாயில் வரவில்லை.

ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். ஹாலைக் கழுவினார்கள். அலீனாவைத் தேடிக்கொண்டு தஸ்லீம் மாடிப்படிக்குப் போனாள். நாலாவது படியில் அவள் தன்னுடைய போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவ என்னை ப்ளாக் பண்ணல சின்னம்மா. நான்தான் அவள ப்ளாக் பண்ணேன். என் பர்த்டேக்கு வரல, ஊட்டுக்குக் கூப்ட்டா வரல, ஏன்னும் சொல்லல. ரொம்பத்தான் பண்றான்னு நெனச்சேன். கேவலமா திட்டி ஒரு மெசேஜ் போட்டுட்டு ப்ளாக் பண்ணிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "அவ எங்கிட்ட எப்டி சொல்லுவா? உங்க அத்தா இப்டின்னு எப்டி சொல்லுவா?"

தஸ்லீம் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதலாகச் சொல்ல எதையோ தேடினாள். அவளும் சொல்லாதவள்தானே.

"இப்ப எடுத்துட்டேன். இன்னான்னு எழுதுறதுன்னு தெரியல. சாரின்னு எழுதி எழுதி அழிக்கிறேன்."

"எங்க கீது அவ ஊடு?"

"குத்தம்பாக்கம்."

"எழுத வேணாம். எழுந்திரு. நேர்ல போவோம்."

அவர்கள் செருப்பு மாட்டும்போது அஷ்ரஃபுன்னிசா வாசலில் உட்கார்ந்திருந்தாள். கால்களை மடக்கி வழிவிட்டாள். கமருன்னிசாதான், "அத்தாவ அடக்கங்கூடப் பண்ணல, அதுக்குள்ள எங்கடி?" என்றாள். அலீனா துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

தெருமுனையில் ஓர் ஆட்டோ கிடைத்தது. டிரங்க் ரோட்டில் திரும்பியதுமே டிரைவர் ஓரம் கட்டி நிறுத்தினார். ஜனாஸா தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. ஐம்பது அறுபது பேர். தோள் மாற்றித் தோள் மாற்றிச் சந்தூக்கைச் சுமந்து வந்தார்கள். பஸ்களும் லாரிகளும் நின்று வழிவிட்டன. அதன்மேல் போர்த்திய பச்சைத் துணி ஆட்டோவுக்கு இரண்டடி தூரத்தில் கடந்துபோனது.

டிரைவர் கீழே இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி ஆளும் போன பிறகு ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தார்.

"பெரிய கூட்டமா கீது. நல்ல மனுசன் போல. உங்களுக்குத் தெரிஞ்சவங்களாம்மா?"

தஸ்லீம் அலீனாவைப் பார்த்தாள்.

"இல்லண்ணா" என்றாள் அலீனா. "நீங்க வண்டிய எடுங்க."