வலது கை முதலில்

பஞ்சாபகேசனின் இடது கை பாதியில் நின்றுவிட்டது. இரும்பு டம்பெல்லைப் பிடித்தபடி அது நடுங்குவதை அகிலாண்டம் அடுக்களையிலிருந்து பார்த்தாள். பார்க்கவே கூடாது என்றுதான் தினமும் நினைத்துக்கொள்வாள். அந்த நேரம் வந்ததும் கைவேலை தானாக நின்றுவிடும்.

யுத்தத்தை முன்னிட்டு மாதுங்கா முழுக்க ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்த வருஷம் அது. பழைய சாமான் விற்கும் சோர் பஜாரிலிருந்து அவர் ஒரு ஜோடி டம்பெல் வாங்கி வந்தபோது, "ஏன்னா, ஆபீஸ் ஃபைலெல்லாம் அவ்வளவு கனமா?" என்று கேலி செய்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

மாமனாருக்கும் இடது கையில்தான் ஆரம்பித்தது. சந்தியாவந்தனத்தின்போது பஞ்சபாத்திரம் நழுவி விழுந்தது. தூக்கக் கலக்கம் என்றார். பிறகு பக்ஷவாதம் பாதி உடம்பைக் கொண்டுபோயிற்று. கோணிய அந்த வாயில் கஞ்சி ஊட்டியவள் அகிலாண்டம்தான். இப்போது கணவர் சிரித்தால், உதட்டின் இரண்டு ஓரமும் ஒன்றாக மேலே போகிறதா என்று அவள் கண் தேடியது. அப்படிப் பார்க்கிற தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் இடுப்பில் குழந்தையோடு வந்து, காப்பி டம்ளரை அவருடைய இடது கைப்பக்கம் நீட்டினாள்.

"என்னடி இது, என் எடது கைல குடுக்கறே?"

"பிடியுங்கோளேன், பார்ப்போம்."

"எதைப் பார்க்கப் போறே?"

அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "உங்கப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

அவர் கோபிப்பார் என்று நினைத்தாள். அவரோ பிரம்பு மோடாவில் உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்துக்கொண்டார், யாருடைய கையோ போல.

"அதைத் தெரிஞ்சுக்கத்தாண்டி டம்பெல்லே வாங்கினேன்" என்றார். "எடது பின்னாடியேதான் நிக்கறது. நாளுக்கு நாள் மோசமாறது."

இத்தனை நாளும் ஒரே வீட்டில், ஒரே பயத்தை இருவரும் தனித்தனியே ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள்.

"டாக்டர்கிட்டே போலாமா?"

"போயாச்சு. நரம்புல ஒண்ணுமில்லைங்கறார். அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னா."

"தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்கற அந்தத் தாலீம்காரன் என்ன சொன்னான்?"

"எடதுல ஆரம்பி, எடது எத்தனை தூக்கறதோ அத்தனைதான் வலதும் தூக்கணும்னான். நன்னாயிருக்கே! கார்த்தால எழுந்து எடது கையாலயா ஒரு காரியத்தை ஆரம்பிப்பா?"

அவள் அவரையே பார்த்தாள். தினமும் வலது கைதான் முதலில். ஆசை தீரத் தூக்கி, மூச்சு வாங்கி, எட்டு மணி வண்டிக்கு நேரமாகும்போதுதான் இடதின் முறை வரும். இவள் பயந்து பார்த்ததெல்லாம் அந்த மிச்ச நேரத்துக் கையைத்தான்.

இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு, டம்பெல்லை இடது கையால் எடுத்தாள். நடுங்காமல் ஏறியது.

"உனக்கு எப்படிடீ?"

"உங்க பிள்ளை நாள் முழுக்க இந்தக் கைலதானே தொங்கறான்? உங்க எடது கையை யாரு எதுக்குக் கூப்பிட்டா, பிறந்ததுலேர்ந்து?"

சொல்லிவிட்டாளே தவிர, அது நியாயமா, வெறும் ஆசையா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

மறுநாள் ஸ்வாமி படங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு இடதில் ஆரம்பித்தார். பழைய இடத்திலேயே நின்றது. வலதையும் அதே கணக்கோடு நிறுத்தினார். கைநிறையப் பலமிருந்தும் நிறுத்துவது அவருக்கு அவமானமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. வாரங்கள் போயின. அவள் ஒளிந்து பார்ப்பதை விட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

ஒரு காலையில் அந்தக் கை வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டித் தோள்வரை வந்தது.

"இன்னொண்ணு" என்றாள்.

அவர் கையை இறக்கி, மறுபடி மடக்கினார். அது நடுங்கிக்கொண்டே ஏறியது. அகிலாண்டத்தின் கண் அவர் வாயோரத்துக்குப் போகப் பார்த்தது. பிடிவாதமாக அதைக் கையிலேயே நிறுத்திக்கொண்டாள்.